ஒருவர் பெயரில் சிம், இன்னொருவர் கையில் போன்

இந்தியாவில் ஒரு செல்போன் எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே அதில் பேசுகிறார் என்ற அனுமானத்தின் மேல்தான் இன்று வங்கியும் காவல்துறையும் அரசு அலுவலகங்களும் இயங்குகின்றன. வீடுகளில் நிலவரம் வேறு. கணவர் பெயரில் வாங்கிய சிம்மை மனைவி பல வருடமாக வைத்திருப்பார். சென்னையில் வேலை பார்க்கும் மகன் பெயரில் உள்ள எண்ணில் ஊரில் இருக்கும் அம்மா பேசுவார். கம்பெனி கொடுத்த எண்ணை வேலையை விட்ட பிறகும் ஒருவர் தன் சொந்த எண்ணாகவே நினைத்துக்கொண்டிருப்பார். மேஸ்திரி தன் ஆதாரைக் காட்டி நாலைந்து சிம் வாங்கி, வடமாநிலத்திலிருந்து வந்த ஆட்களுக்குக் கொடுத்திருப்பார். இவற்றில் எதிலும் குற்ற எண்ணம் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தவர் ஒருவர், அந்த எண்ணை நம்பி வாழ்பவர் வேறொருவர். இதைப் பற்றி வருகிற எச்சரிக்கைகள் அனைத்தும் கொடுப்பவரிடமே பேசுகின்றன: உங்கள் சிம்மை யாருக்கும் தராதீர்கள், நாளைக்கு போலீஸ் உங்கள் வீட்டைத் தேடி வரும். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. விதிகளையும் நடைமுறையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இப்படிக் கைமாறிய எண்ணால் அதிகம் பேர், அதிக நிச்சயத்தோடு இழப்பது வாங்கிக்கொண்ட பக்கத்தில்தான். அந்தப் பக்கத்தைச் சட்டமும் கவனிக்கவில்லை, விழிப்புணர்வுப் பிரசாரமும் கவனிக்கவில்லை.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் செல்போன் ஒப்பந்தத்தைக் கைமாற்றுவது பெரும்பாலும் கடன் விவகாரம். போனின் விலையும் மாதக் கட்டணமும் சேர்ந்த நீண்ட ஒப்பந்தங்கள் அங்கே சாதாரணம். அதை இன்னொருவரிடம் தள்ளிவிட நினைப்பவர், புதியவர் பணம் கட்டாவிட்டால் பாக்கி தன் தலையில் விழும் என்று அஞ்ச வேண்டும். நிறுவனங்களும் புதியவரின் கடன் வரலாற்றைப் பார்த்த பிறகே பெயரை மாற்றித் தருகின்றன. நம் நாட்டில் போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. பில் பாக்கி பெயருக்கு உரியவரையே சேரும். பாக்கி இருக்கும்வரை எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் அது ஏறினால் வீட்டுக்கடன் கேட்கும்போது குறுக்கே வரும். ஆனால் நம்முடைய இணைப்புகளில் மிகப் பெரும்பான்மை ப்ரீபெய்டு. ரீசார்ஜ் முடிந்தால் சேவை நிற்கும், அவ்வளவுதான். கடன் என்ற பேச்சே இல்லை. அதனால்தான் சிம்மைக் கொடுப்பது பேனாவைக் கொடுப்பதுபோல இங்கே எளிதாக நடக்கிறது. ப்ரீபெய்டு சிம்மில் கைமாறுவது பணப் பொறுப்பு இல்லை. அதைக் கொடுப்பவர் தன் அடையாளத்தைக் கொடுக்கிறார். வாங்குபவர் இன்னொருவரின் அடையாளத்தின் மேல் தன் கணக்கு வழக்குகளைக் கட்டிக்கொள்கிறார்.

எண்ணையும் பெயரையும் இறுக்கிக் கட்டும் வேலை நீண்ட நாளாக நடந்துவருகிறது. சந்தாதாரர் சரிபார்ப்பு ஒழுங்காக நடப்பதில்லை என்ற பொதுநல வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2017 பிப்ரவரியில் லோக்நீதி அறக்கட்டளை வழக்கில் எல்லா இணைப்புகளையும் சரிபார்க்கும் பேச்சு மீண்டும் வந்தது; அதைக் காட்டி ஆதார் இணைப்பைக் கட்டாயமாக்கினார்கள். 2018 செப்டம்பர் 26 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தக் கட்டாயத்தை ரத்து செய்தது. ஆனால் அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, விருப்பத்தின் பேரில் ஆதாரைப் பயன்படுத்தலாம் என்று கொண்டுவந்தார்கள். 2024 தொடக்கத்திலிருந்து காகித விண்ணப்பமே இல்லாமல் போய், கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பு முழுக்க டிஜிட்டல் ஆனது. இத்தனை படிகளிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: வாங்குபவர் யார்? பயன்படுத்தப் போகிறவர் யார் என்று தனிநபர்களிடம் யாரும் கேட்கவில்லை. நிறுவனங்களிடம் மட்டும் கேட்டார்கள். 2023 ஆகஸ்டில் மொத்தமாக இணைப்புகள் தரும் முறையை நிறுத்தி வணிக இணைப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது, நிறுவனத்தின் பெயரில் சிம் எடுத்தாலும் அதைக் கையில் வாங்கும் ஒவ்வோர் ஊழியரும் தன் கேஒய்சியைத் தர வேண்டும் என்று விதித்தார்கள். பெயருக்கு உரியவரும் பயன்படுத்துபவரும் வேறு வேறாக இருக்கலாம் என்பதை அரசு அறியாமல் இல்லை. அந்த அறிவு அலுவலக வாசலோடு நின்றுவிட்டது, வீட்டுக்குள் வரவில்லை.

கொடுப்பவரின் ஆபத்தை முதலில் பார்த்துவிடலாம். சைபர் குற்றப் புகார் ஒன்று 1930 என்ற எண்ணுக்கோ தேசிய இணையதளத்துக்கோ வந்தால், விசாரணை அதிகாரி முதலில் கேட்டு வாங்குவது அந்த எண்ணின் சந்தாதாரர் விவரமும் அழைப்புப் பதிவும். அதில் இருக்கும் பெயர், முகவரி, புகைப்படம் எல்லாம் சிம்மைத் தன் பெயரில் எடுத்தவருடையவை. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, மோசடியாகவோ ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெறுபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஒருவர் பெயரில் 9 சிம்தான் இருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் 6. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் வைத்திருந்தால் முதல் முறை 50 ஆயிரம் ரூபாய் வரையிலும், அதன் பின் ஒவ்வொரு முறையும் 2 லட்சம் வரையிலும் அபராதம் என்று அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வகுக்கிறது. 2024 நவம்பரில் வந்த தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகளின்படி, தவறாகப் பயன்பட்டதாக அரசு கருதும் எண்ணை நிறுத்தலாம், அவசரம் என்று கருதினால் முன்னறிவிப்பு இல்லாமலே நிறுத்தலாம். நடவடிக்கைக்கு உள்ளானவரின் பெயரை ஒரு பட்டியலில் ஏற்றி, 3 ஆண்டு வரை புது இணைப்பே கிடைக்காமல் செய்யவும் அதில் வழி இருக்கிறது.

இத்தனை கடுமைக்கும் காரணம் இருக்கிறது. சிம் ஒரு சந்தைப் பொருளாகிவிட்டது. ஏழைகளிடம் சில நூறு ரூபாயைக் கொடுத்து அவர்கள் பெயரில் எடுத்த சிம்களும், கடைக்காரர் ஒரே ஆளின் கைரேகையை இரண்டு தடவை வாங்கி அவருக்கே தெரியாமல் எடுத்த சிம்களும், கட்டுக்கட்டாக மோசடிக் கும்பல்களுக்குப் போகின்றன. வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றிக் காட்டும் சிம் பாக்ஸ் கருவிகள் தமிழ்நாட்டிலும் பிடிபட்டிருக்கின்றன. கம்போடியா, மியான்மர், லாவோஸ் ஆகிய நாடுகளில் உள்ள மோசடி முகாம்களிலிருந்து இந்திய எண்களில் அழைப்பு வருவதற்கு இந்த வியாபாரமே அடிப்படை. அந்த முகாம்களில் சிக்கவைக்கப்பட்டு அதே அழைப்புகளைச் செய்ய நிர்ப்பந்திக்கப்பட்டவர்களில் தமிழ் இளைஞர்களும் உண்டு என்பதை நினைத்தால் இதன் கொடுமை புரியும். தொலைத்தொடர்புத் துறை முகங்களை ஒப்பிடும் மென்பொருளை வைத்துத் தேடி, போலி ஆவணத்தில் எடுத்தவை என்று 36 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் துண்டித்ததாக 2023 மே மாதம் அரசு அறிவித்தது. சிம் விற்கும் முகவர்கள் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதியும் அந்த ஆண்டே வந்தது. தங்கள் பெயரில் எடுத்த சிம்மைப் பிறருக்குக் கொடுத்து, அது மோசடிக்குப் பயன்பட்டால், கொடுத்தவரும் குற்றவாளியாகக் கருதப்படலாம் என்று 2025-இல் துறை வெளிப்படையாக எச்சரித்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதில் நியாயமும் உண்டு. சிம் என் பெயரில் இருப்பதாலேயே நான் குற்றவாளி ஆகிவிட முடியுமா? முடியாது. அந்த நேரத்தில் அந்த எண்ணைப் பயன்படுத்தியவர் இன்னார் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். அழைப்புப் பதிவுகளை உரிய சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும், முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, இப்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவு. போதாக்குறைக்கு, 42-ஆவது பிரிவின் வாசகம் நேரடியாகப் பிடிப்பது ஏமாற்றி சிம் பெற்றவரை. தன் சொந்த ஆதாரைக் காட்டி, தன் சொந்த விரலை வைத்து வாங்கி, பிறகு அண்டைவீட்டுக்காரருக்குக் கொடுத்தவரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆகவே நீதிமன்றம்வரை போனால் நல்லெண்ணத்தில் கொடுத்தவர் பெரும்பாலும் தப்பிப்பார் என்று வாதிடலாம். ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் பாதையைப் பார்க்க வேண்டும். சம்மன் வரும், வேறு மாநிலத்தின் காவல் நிலையத்துக்குப் போக நேரலாம், போனைப் பறிமுதல் செய்தால் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. இதைவிட முக்கியமாக, அவருடைய தற்காப்பு முழுவதும் ஒரே ஒரு செய்தியில் நிற்கிறது: இந்த சிம்மை இன்ன தேதியில் இன்னாருக்குக் கொடுத்தேன். அதற்குக் காகிதம் இல்லை, குறுஞ்செய்தி இல்லை, நிறுவனத்தின் பதிவில் ஒரு வரி இல்லை. வாங்கியவர் இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கொடுத்தவரின் ஆபத்தும் இந்தப் பதிவின்மையில்தான் குடியிருக்கிறது. சட்டத்தின் மௌனமும் அவருக்குச் சாதகம் என்று நினைக்க வேண்டாம். எது குற்றம், எது இல்லை என்று தெளிவாக எழுதாத இடத்தில் முடிவு முதலில் அதிகாரியின் கையில் இருக்கும்.

வாங்கிக்கொண்டவரின் இழப்பு இப்படிப் பரபரப்பாக வருவதில்லை, செய்தித்தாளிலும் இடம்பிடிப்பதில்லை. ஒரு எண்ணை ஐந்து வருடம் வைத்திருந்தால் அதன் மேல் என்னென்ன ஏறியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். வங்கிக் கணக்கு, யூபிஐ, ஆதார், ரேஷன் அட்டை, சமையல் எரிவாயு, மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக்கூட வாட்ஸாப் குழு. 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது விண்ணப்பம் ஏற்கப்பட்டதா இல்லையா என்ற செய்தி பெண்களுக்குக் குறுஞ்செய்தியாகவே போனது. யூபிஐ செயலி முதல்முறை இயங்கும்போது போனில் இருக்கும் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி, வங்கியில் பதிவான எண்ணும் அதுவும் ஒன்றா என்று பார்க்கிறது. சிம் யார் பெயரில் என்று அது கேட்பதில்லை. இந்தக் கேள்வி எழாததால்தான் பல கோடிக் குடும்பங்களில் ஏற்பாடு சிக்கலின்றி ஓடுகிறது. ஓடும்வரை யாருக்கும் குறை தெரியாது. ஆனால் இத்தனைக்கும் சாவியாக இருக்கும் எண் சட்டப்படி அவருடையது கிடையாது. பெயருக்கு உரியவர் ஷோரூமுக்குப் போய் சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி விரலை வைத்தால், கையிலிருக்கும் சிம் செத்துப்போகும், ஓடிபி எல்லாம் புது சிம்முக்குப் போகும்.

திருட்டைத் தடுக்க வந்த பாதுகாப்புகள் இந்த இடத்தில் தலைகீழாக வேலை செய்கின்றன. சிம் மாற்றிய பின் 24 மணி நேரம் குறுஞ்செய்தி நிறுத்தம், 2024 ஜூலை முதல் சிம் மாற்றிய 7 நாளுக்குள் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றத் தடை என்று விதிகள் இருக்கின்றன. நல்ல விதிகள்தான். ஆனால் அவை உரியவரை அந்நியரிடமிருந்து காக்கின்றன. பதிவேட்டின் கண்ணுக்கு, ஐந்து வருடமாக அந்த எண்ணை வைத்திருப்பவர்தான் அந்நியர். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதே நிலை. 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் திறக்கப்பட்ட இந்தத் தளத்தில் ஒருவர் தன் பெயரில் உள்ள எண்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரில் ‘என் எண் அல்ல’, ‘தேவையில்லை’, ‘தேவை’ என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். போலி சிம்மைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது. எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட வேண்டியது. ஆனால் பல வருடம் முன்பு சித்திக்கு வாங்கிக் கொடுத்ததை மறந்துவிட்ட ஒருவர் பழக்கமில்லாத எண்ணைக் கண்டு பயந்து ‘என் எண் அல்ல’ என்று அழுத்தினால், எங்கோ ஒரு வீட்டில் ஓய்வூதியக் கணக்குக்கான ஓடிபி வராமல் போகும். எண்ணைப் பயன்படுத்துபவரைக் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு தளத்தில் இல்லை. அவர் இருப்பதே அதற்குத் தெரியாது.

பெண்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருப்பதாகச் சொன்ன பெண்கள் இந்திய அளவில் 54 சதவீதம். அந்த சிம் யார் பெயரில் என்பது கேள்விப் பட்டியலில் இல்லை. ஆண்கள் கடைக்குப் போய் வாங்கி வரும் வழக்கமுள்ள குடும்பங்களில் அது அப்பா, அண்ணன், கணவர் பெயராகவே இருக்கும். மணவாழ்க்கை முறிந்தால் இது ஆயுதமாகிறது. கணவர் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் அந்தப் பெண் வங்கிக் கணக்கையும், வாட்ஸாப்பையும், வழக்கறிஞரோடும் பிறந்த வீட்டோடும் பேசிவந்த எண்ணையும் ஒரே மாலையில் இழப்பார். புகார் கொடுக்கப் போனால், சந்தாதாரரின் வேண்டுகோளின்படி சந்தாதாரருக்கு சிம் கொடுத்தோம் என்று நிறுவனம் சொல்லும். அது விதிப்படி சரியான பதிலும்கூட. பணத்தைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கும் சுயஉதவிக் குழுக்களும் வங்கிகளும், அந்தக் கணக்கின் சாவி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கும்.

மரணம் இன்னொரு முறிவு. இறந்தவரின் எண்ணைக் குடும்பம் தொடர்ந்து ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்கும். அப்பாவின் எண் ஊரெல்லாம் தெரிந்த எண், அதை விட மனம் வராது. சிம் பழுதாகும்வரை அல்லது போன் தொலையும்வரை அது நடக்கும். அதன் பிறகு புது சிம் கேட்டால், வர முடியாத ஒருவரின் கைரேகையை நிறுவனம் கேட்கும். வாரிசு என்ற முறையில் மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆனால் அதை எண் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும். ப்ரீபெய்டு எண் 90 நாள் பயன்படாமல் இருந்து, கணக்கில் 20 ரூபாயும் இல்லையென்றால் அதை நிறுவனம் முடக்கலாம். முடங்கிய எண் 90 நாள் கழித்து வேறு யாருக்கோ போகலாம். வங்கிகள் இப்படிக் கைமாறிய எண்களின் பட்டியலை வைத்துத் தங்கள் பதிவைச் சரிசெய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமும் 2025-இல் கட்டளையிட்டதே, எத்தனை கணக்குகள் அந்நியர் எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தன என்பதற்குச் சாட்சி. அலுவலகம் கொடுத்த எண்ணை வங்கிக்குக் கொடுத்துவிட்டு ஓய்வுபெறுபவர்களுக்கும் இதே கதிதான்; அங்கே எண்ணைத் திரும்பக் கேட்பது நிறுவனத்தின் உரிமை.

இதுவரை பதிவேட்டுப் பெயரும் கையிலிருக்கும் போனும் பொருந்துகிறதா என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அந்தக் காலம் முடியப் போகிறது. 2025 அக்டோபரில் இணையப் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி, எண் சரிபார்ப்புத் தளம் ஒன்றுக்கு வழி செய்தார்கள். வங்கியோ செயலியோ தன் வாடிக்கையாளர் கொடுத்த எண் உண்மையில் அவர் பெயரில்தான் இருக்கிறதா என்று தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பதிவோடு அதில் ஒப்பிடலாம். அடுத்த மாதமே, வாட்ஸாப் போன்ற செயலிகள் பதிவான சிம் போனில் இருக்கும்வரைதான் இயங்க வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. பிறர் பெயரில் கணக்கு திறந்து மோசடிப் பணத்தைச் சுற்றவிடுபவர்களைப் பிடிக்க முதல் ஏற்பாடு உதவும், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒப்பீட்டில் பொருந்தவில்லை என்ற விடை வரும் வரிசையில் முதலில் நிற்கப்போவது மோசடிக்காரர்கள் அல்லர். மகன் பெயரில் சிம் வைத்திருக்கும் அம்மாக்கள். அவர்களுடைய பொருந்தாமைக்கும் மோசடிக் கணக்கு வைத்திருப்பவரின் பொருந்தாமைக்கும் கணினியில் ஒரே விடைதான் வரும்.

அப்படியானால் தீர்வு எளிது, யாரும் யாருக்கும் சிம் கொடுக்கக் கூடாது என்று கடுமையாகச் சொல்லிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது, ஏனென்றால் சட்டமே சிலரை இந்த ஏற்பாட்டுக்குள் தள்ளுகிறது. 18 வயது ஆகாதவருக்கு சிம் விற்கக் கூடாது என்று 2021-இல் விதித்தார்கள்; ஒப்பந்தம் செய்யத் தகுதி இல்லாதவர் என்ற காரணம் சரியானதே. அதனால் பிளஸ் ஒன் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் கையில் இருக்கும் சிம்மும் பெற்றோர் பெயரில்தான் இருந்தாக வேண்டும். படுக்கையில் இருக்கும் முதியவருக்கும், ரேகை தேய்ந்துபோன கட்டடத் தொழிலாளிக்கும், ஆவணங்களையெல்லாம் ஒடிசாவில் வைத்துவிட்டுத் திருப்பூருக்கு வந்தவருக்கும் வேறொருவர் பெயர்தான் முதல் துணை. பினாமிச் சொத்துத் தடைச் சட்டம் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறது. கணக்கில் உள்ள வருமானத்தில் மனைவி பெயரிலோ பிள்ளைகள் பெயரிலோ வாங்கிய வீட்டை அது பினாமி என்று சொல்வதில்லை. நிலத்துக்குத் தெரிந்த இந்த உண்மை சிம்முக்கு எட்டவில்லை.

சிங்கப்பூர் இதை வேறு விதமாக எழுதியிருக்கிறது, நமக்கு அது பயன்படும். 2024-இல் நிறைவேறி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, தன் பெயரில் பதிவான சிம்மை அது குற்றத்துக்குப் பயன்படும் என்று தெரிந்தோ, அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தோ கொடுப்பவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தாலோ, யாருக்கு, எதற்கு என்று விசாரிக்காமல் கொடுத்தாலோ அந்த அறிவு இருந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் போன்றவர்களைப் பிடிப்பது நோக்கம் அல்ல என்று அரசு தெளிவுபடுத்தியது. இங்கே குற்றத்தைப் பிரிக்கும் கோடு, கொடுத்த செயலின் மேல் விழவில்லை. கொடுத்தவர் மனத்தின் மேலும், அவர் எடுத்துக்கொண்ட அக்கறையின் மேலும் விழுகிறது. தெரியாதவருக்குக் காசுக்கு விற்றவரும் அம்மாவுக்குக் கொடுத்தவரும் ஒரே கூண்டில் நிற்க வேண்டியதில்லை. நம் சட்டத்தில் இந்தக் கோடு இல்லாததால் எச்சரிக்கை இருவரையும் சமமாகப் பயமுறுத்துகிறது. பயந்து ஒதுங்குவது இரண்டாமவர்தான். முதலாமவரை அது தொடுவதில்லை.

இன்று இருக்கும் ஒரே நேர்வழி பெயர் மாற்றம். 2012-இல் தொலைத்தொடர்புத் துறை வகுத்த நெறிமுறை மூன்றாம் நபருக்கு இணைப்பை மாற்றக் கூடாது என்றது. ரத்த உறவினருக்கும் வாரிசுக்கும் மட்டும், உரியவரின் ஒப்புதலோடும் புதுச் சந்தாதாரருக்குரிய சரிபார்ப்போடும் மாற்றலாம் என்றது. சந்தையை அடைக்க அன்று அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் எஜமானியம்மாள் பெயரில் உள்ள எண்ணை வைத்திருக்கும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும், மேஸ்திரி பெயரில் வைத்திருக்கும் தொழிலாளிக்கும் கதவு சாத்தியே இருக்கிறது. ஆதார் ரேகையோடு இருவரும் நேரில் வந்து கேட்கும்போது அவர்களுக்குள் ரத்த உறவு இருக்கிறதா என்பது பாதுகாப்புக்கு எந்த வகையிலும் உதவுவதில்லை. நிறுவனங்களின் ஊழியர்களுக்கு 2023-இல் செய்ததை இவர்களுக்கும் செய்யலாம்: சஞ்சார் சாத்தியில் மூன்று தேர்வுகளோடு நான்காவதாக ‘என் பெயரில் உள்ளது, பயன்படுத்துபவர் வேறு’ என்று ஒன்றைச் சேர்த்து, பயன்படுத்துபவரும் தன் ஒப்புதலைப் பதிந்தால், அவருக்குத் தெரியாமல் எண்ணை முடக்கவோ டூப்ளிகேட் கொடுக்கவோ கூடாது என்று விதிக்கலாம். 18 வயது நிறையும்போது பிள்ளையின் பெயருக்கு எண் மாறுவதற்கும் இதே பதிவு போதும்.

இதற்கும் இரண்டு மறுப்புகள் வரும். யார் எந்த எண்ணில் பேசுகிறார் என்ற விவரம் மேலும் ஒரு பதிவேட்டில் ஏறுவது அந்தரங்க உரிமைக்கு நல்லதா? 2017-இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த நாட்டில் இந்தக் கேள்வியை எளிதாக ஒதுக்க முடியாது. அதனால்தான் இது கட்டாயமாக இருக்கக் கூடாது என்கிறேன். எண்ணை இழக்க அஞ்சுபவர் தானே முன்வந்து பதிகிற உரிமையாக இருக்க வேண்டும். எண் சரிபார்ப்புத் தளம் வந்துவிட்டால் அவருடைய விவரம் எப்படியும் வெளிப்படும், எந்தப் பாதுகாப்பும் கூடவே வராமல். இரண்டாவது மறுப்பு, மோசடிக்காரர் இதில் பதிய மாட்டார் என்பது. பதிய மாட்டார்தான். ஆனால் அம்மாக்களும் பணிப்பெண்களும் பதிந்துவிட்ட பிறகு மிஞ்சுகிற பொருந்தாத எண்களில் தேடுவது காவல்துறைக்கு எளிது. இப்போது அவர்கள் இந்த நாட்டின் குடும்பங்கள் அத்தனையையும் சல்லடை போட வேண்டியிருக்கிறது.

அரசு அதைச் செய்யும்வரை, ரத்த உறவுக்குள் இருப்பவர்கள் இருவருமாக ஷோரூமுக்குப் போனால் எண் மாறாமல் பெயர் மட்டும் மாறிவிடும். வங்கியில் எதையும் தொட வேண்டியதில்லை. உறவுக்கு வெளியே இருப்பவர்கள் தங்கள் பெயரில் புது எண் எடுத்து, முதலில் ஆதாரையும் பிறகு வங்கியையும் அதற்கு மாற்றி, ஒன்றிரண்டு மாதம் இரண்டு எண்களையும் வைத்திருந்து, பழைய எண்ணுக்கு எந்த ஓடிபியும் வரவில்லை என்று உறுதியான பின், பெயருக்கு உரியவரிடம் சொல்லி அதைத் ‘தேவையில்லை’ என்று மூடச் செய்யலாம்.